பச்சையாக இருக்கும் மரமெல்லாம் நலமாக இருக்கிறதா?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி, தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மூத்தவர்களுக்கு அந்த ஊர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்தின் பெயரில் தென்னை இருந்தாலும் அது வரலாற்றில் இடம்பிடித்தது வேறு ஒரு மரத்தால். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிட்ட இடம் அது.

அந்தக் காலத்தில் ஒரு மரத்துக்கு என்ன கேடு என்று தெரிய வேண்டுமானால், யாராவது ஒருவர் அதன் அடிக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்று 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 5 நாள்களுக்கு ஒருமுறை அதே தோட்டத்தைப் படம்பிடிக்கின்றன. அந்தப் படங்கள் இலவசம். மாணவர்களாகிய நீங்களும் பார்க்கலாம். ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் கதிர்களைக் கொண்டே அதன் நிலையை அறியும் இந்த முறைக்குத் தொலையுணர்தல் என்று பெயர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானிலிருந்து எடுத்த படம் மரம் துன்பப்படுகிறது என்று காட்டும். ஏன் துன்பப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மரத்தடியில் வேலை செய்தவர்கள். இன்று படத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மரம் தெரிவதில்லை. மரத்தைத் தெரிந்தவர் கைக்குப் படம் போய்ச் சேர்வதில்லை. இரண்டும் தெரிந்த ஒரு தலைமுறை நமக்குத் தேவை. வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வளர்ந்த மாணவர்களும், தாத்தா பாட்டி அங்கே உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தத் தலைமுறையாக முடியும். ஆக வேண்டும் என்பதே என் வாதம்.

இலை திருப்பி அனுப்பும் ஒளி

முதலில் அறிவியலைப் பார்ப்போம். இயற்பியலில் மின்காந்த அலைகளைப் படிக்கிறீர்கள். உயிரியலில் இலையின் அமைப்பைப் படிக்கிறீர்கள். தொலையுணர்தல் இந்த இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடம்.

சூரிய ஒளி இலைமேல் விழும்போது, பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. பச்சை ஒளியின் ஒரு பகுதி திரும்பி வருவதால் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக் கதிர்களை இலை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இலையின் உட்புறத்தில் காற்றிடைவெளிகளோடு தளர்வாக அமைந்த செல்கள் அவற்றைச் சிதறடித்து, பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு இருந்திருந்தால், கோலசிலாங்கூர்க் காடும் தோட்டமும் கூசும் அளவுக்கு ஒளிர்ந்திருக்கும்.

மரம் நலிந்தால் இந்தக் கணக்கு மாறுகிறது. பச்சையம் குறைவதால் சிவப்பு ஒளி கூடுதலாகத் திரும்பி வருகிறது. செல்களின் அமைப்பு குலைவதாலும் இலைகள் குறைவதாலும் அகச்சிவப்பு குறைகிறது. இந்த இரண்டையும் ஒப்பிட ஓர் எளிய கணக்கு உண்டு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீட்டெண்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பாருங்கள். நலமான மரக்கூட்டம் அகச்சிவப்பில் 50 விழுக்காட்டையும் சிவப்பில் 5 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 45ஐ 55ஆல் வகுத்தால் 0.82. நலிந்த மரக்கூட்டத்தில் அகச்சிவப்பு 40, சிவப்பு 10 என்றால், 30ஐ 50ஆல் வகுக்க 0.60. வெறும் மண்ணில் 30, 20 என்றால், 10ஐ 50ஆல் வகுக்க 0.20. மூன்றாம் படிவ மாணவர் செய்யக்கூடிய கணக்குதான். உலகம் முழுவதும் காடுகளையும் வயல்களையும் கண்காணிக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1972 ஜூலையில் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்ட சில ஆண்டுகளிலேயே இந்த முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு வழி வெப்பம். மண்ணில் நீர் குறைந்தால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீராவி வெளியேறுவது நின்றால் இலை குளிர்வதும் நிற்கிறது. வியர்க்காத உடம்பு சூடாவதுபோல இலையும் சூடாகிறது. நிறம் மாறுவதற்கு முன்பே இந்தச் சூட்டை வெப்ப அகச்சிவப்புக் கருவிகள் காணமுடியும். 2018ஆம் ஆண்டு அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட நாசாவின் எக்கோஸ்ட்ரெஸ் கருவி இதற்காகவே அமைக்கப்பட்டது.

தென்னையில் தொடங்கிய கலை

கண் காணாததை அகச்சிவப்பு காணும் என்பது இரண்டாம் உலகப் போரின்போதே தெரிந்திருந்தது. வெட்டிய கிளைகளாலோ பச்சைச் சாயத்தாலோ மூடி மறைத்த போர்த்தளவாடங்களைக் கண்டுபிடிக்க, அகச்சிவப்பைப் பதிவுசெய்யும் சிறப்பு வண்ணப் படச்சுருளைப் பயன்படுத்தினார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. படச்சுருளில் உயிருள்ள தழை வேறு, சாயம் வேறு.

அந்தப் படச்சுருள் 1970 வாக்கில் கேரளத்துத் தென்னந்தோப்புகளுக்கு வந்தது. அங்கே தென்னை வேர்வாடல் நோய் பரவியிருந்தது. சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிய வானிலை அறிவியலாளர் பி.ஆர். பிஷரோடி, ஹெலிகாப்டரிலிருந்து தோப்புகளை அகச்சிவப்புப் படச்சுருளில் படம்பிடிக்கும் ஆய்வை நடத்தினார். நோயுற்ற மரங்கள் படத்தில் வேறுபட்டுத் தெரிந்தன. இந்தியாவின் தொலையுணர்தல் வரலாறு இந்த ஆய்விலிருந்துதான் தொடங்குகிறது. பிஷரோடியை அந்தத் துறையின் தந்தை என்று அங்கே போற்றுகிறார்கள்.

இதை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். பின்னாளில் பல செயற்கைக்கோள்களை ஏவிய ஒரு நாடு, தொலையுணர்தலின் முதல் பாடத்தைக் கற்றது ஏழைக் குடியானவனின் தென்னை மரத்தில். நம் பகுதியில் தென்னையின் நெருங்கிய உறவான செம்பனை இருக்கிறது. அதற்கும் ஒரு நோய் இருக்கிறது.

ஒரே மஞ்சள், பல காரணங்கள்

அந்த நோயின் பெயர் அடித்தண்டு அழுகல். கானோடெர்மா என்ற பூஞ்சை அதற்குக் காரணம். இது வேர் வழியாகவும் வித்துகள் வழியாகவும் பரவி, தண்டின் அடிப்பகுதியை உள்ளிருந்து அழுக வைக்கிறது. முன்பு தென்னை இருந்த கடலோர நிலங்களில் செம்பனை நட்டால் இதன் தாக்குதல் அதிகம். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அடியில் மண் அணைப்பதும், மறுநடவின்போது பழைய அடிக்கட்டைகளைத் தோண்டி அகற்றுவதும்தான் பெரும்பாலும் செய்யக்கூடியவை.

இந்த நோயின் கொடுமை, அது காலம் தாழ்த்தித் தன்னைக் காட்டுவதில் இருக்கிறது. விரியாத குருத்துகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கும். கீழ்மட்டைகள் மஞ்சளாகி, பாவாடைபோலத் தண்டைச் சுற்றித் தொங்கும். அடியில் பூஞ்சைக் குடை முளைக்கும். மட்டைகளில் அடையாளம் தெரியும் வேளையில் அடித்தண்டின் பாதி அழுகிப்போயிருக்கலாம். ஆகவே, முன்கூட்டியே கண்டறிய ஆய்வாளர்கள் துடிக்கிறார்கள். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தினர் 2009ஆம் ஆண்டிலேயே, ஒளியை நூற்றுக்கணக்கில் சிறுசிறு பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் கருவியை விமானத்தில் பொருத்தி எடுத்த படங்களில் இந்த நோயைத் தேடும் ஆய்வை வெளியிட்டனர். சிவப்பும் அகச்சிவப்பும் சந்திக்கும் சிவப்பு விளிம்பு என்ற பட்டை, பச்சையம் சிறிது குறைந்தாலும் மாறிவிடுகிறது. அதுதான் இத்தகைய ஆய்வுகளின் முதன்மையான துப்பு.

இப்போது சிக்கலுக்கு வருவோம். விரியாத குருத்துகள் சேர்ந்து நிற்பது கானோடெர்மாவின் அடையாளம் என்றேன். கடும் வறட்சியிலும் செம்பனை அதையே செய்கிறது. மட்டை மஞ்சளாவது நோயாலும் நிகழும். நைட்ரஜன் குறைவாலும் நிகழும். வடிகால் அடைபட்டு வேர் நீரில் மூழ்கினாலும் நிகழும். மெக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். இவை அனைத்தும் செயற்கைக்கோள் படத்தில் எண் குறைந்த ஒரு கட்டமாகத்தான் தெரியும்.

மரத்தடியில் நிற்பவரோ எளிதாகப் பிரித்தறிவார். மெக்னீசியக் குறைவு என்றால், வெயில் படும் ஓலை ஆரஞ்சாகவும், இன்னோர் ஓலையின் நிழல் விழும் பகுதி மட்டும் பச்சையாகவும் இருக்கும். நோய் என்றால், பூஞ்சைக் குடை இருக்கிறதா, பக்கத்து மரமும் வாடுகிறதா என்று பார்ப்பார். வடிகால் என்றால் கால் வைத்ததுமே தெரிந்துவிடும். இந்த அறிவுக்குக் கருவி வேண்டாம். பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

ரப்பர் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும். படத்தில் தோட்டமே செத்துவிட்டதுபோல எண் சரியும். பால் மரம் வெட்டிய பாட்டியிடம் கேட்டால், "அது இலை கொட்டுற காலம்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால், 2017 முதல் மலேசிய ரப்பர் தோட்டங்களில் பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர்வு நோயும் காணப்படுகிறது. இதுவும் இலையைக் கொட்ட வைக்கிறது. இதிலும் எண் சரிகிறது. ஒன்று இயல்பு, மற்றது நோய். எந்த மாதம் என்பதும், விழுந்த இலையில் புள்ளி இருக்கிறதா என்பதும்தான் வேறுபாட்டைச் சொல்லும்.

பச்சை மறைக்கும் இழப்பு

படம் தவறாகக் காரணம் காட்டுவது ஒரு வகைச் சிக்கல். மரம் துன்பப்பட்டும் படத்தில் எதுவும் தெரியாமல் போவது இன்னொரு வகை.

அடர்ந்த செம்பனைத் தோட்டத்தில் என்.டி.வி.ஐ. ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் அளவு கூடாததுபோல, இலை மேலும் மிகுந்தாலும் எண் அப்படியே நிற்கும். அதனால் சிறிய நலிவும் அதில் தெரியாமல் போகலாம். இதைவிட முக்கியமானது செம்பனையின் இயல்பு. ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்று முடிவாவது, அது பழக்குலையாகப் பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பு. அந்த நேரத்தில் வறட்சி வந்தால் மரம் ஆண் பூக்களைக் கூடுதலாகத் தோற்றுவிக்கிறது. சில பூங்கொத்துகளைக் கருவிலேயே கைவிடுகிறது. மரம் பச்சையாகவே நிற்கும். மழை வந்தால் இன்னும் செழிப்பாகத் தெரியும். இழப்போ ஓராண்டு, ஈராண்டு கழித்துத் தராசில்தான் தெரியும்.

2015-16 எல் நினோ வறட்சியை நினைத்துப் பாருங்கள். மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 19.96 மில்லியன் டன்னாக இருந்தது. 2016இல் அது 17.32 மில்லியன் டன்னாகக் குறைந்தது. ஏறத்தாழ 13 விழுக்காடு சரிவு.

இந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். குலை வெட்டுபவருக்குப் பெரும்பாலும் வெட்டிய அளவைப் பொறுத்துத்தான் வருமானம். குலை குறைந்தால் சம்பளம் குறையும். போன ஆண்டு மழை நன்றாகப் பெய்தது, படத்திலும் தோட்டம் பச்சையாக இருக்கிறது, பிறகு ஏன் விளைச்சல் இல்லை என்று மேலே இருப்பவர் கேட்டால், பழி உழைப்பவர்மேல் விழ வாய்ப்பு உண்டு. முந்திய வறட்சியின் பதிவுகளை எடுத்து வைத்து, "இது அன்றைய வறட்சியின் விளைவு" என்று காட்டத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் பேச்சே மாறிவிடும். தொலையுணர்தலைத் தொழிலாளரை வேவு பார்க்கவும் பயன்படுத்தலாம். தொழிலாளருக்குச் சான்று காட்டவும் பயன்படுத்தலாம். அது படிக்கத் தெரிந்தவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கரிமண் காட்டின் தாகம்

தோட்டங்களுக்கு வடக்கே ஏறத்தாழ 80,000 எக்டர் பரப்பில் வட சிலாங்கூர்க் கரிமண் சதுப்புக் காடு இருக்கிறது. ராஜா மூசா வனக்காப்பகம் அதன் ஒரு பகுதி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி, மக்கி முடியாத இலைதழைகளும் மரத்துண்டுகளும் சேர்ந்து உருவான மண் அது. நீர் நிறைந்திருக்கும்வரை அது பெரிய பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்திருக்கும். காட்டை ஒட்டியுள்ள தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல் வயல்களுக்கும் இந்த நீர்வளம் தேவை.

பழைய வெட்டுமரக் கால்வாய்களாலும் அத்துமீறிய நிலத்திறப்பாலும் நீர் வடிந்த இடங்களில் கரிமண் காய்கிறது. காய்ந்த கரிமண் விறகுக்குச் சமம். தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் புகையும். 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ராஜா மூசா எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். புகைமூட்டம் ஷா ஆலாம் எது, கோலாலம்பூர் எது என்று பார்த்து வருவதில்லை.

தீயைக் கண்டறிய மோடிஸ், வீர்ஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் உதவுகின்றன. சிங்கப்பூரில் உள்ள ஆசியான் வானிலை மையம் வட்டாரத்தின் தீப்புள்ளிகளை நாள்தோறும் வெளியிடுகிறது. ஆனால், தீப்புள்ளி தெரிந்தது என்றால் தீ ஏற்கெனவே எரிகிறது என்று பொருள். நமக்கு வேண்டியது அதற்கு முந்திய செய்தி. இலையில் நீர் குறைந்தால் குற்றலை அகச்சிவப்புக் கதிர் கூடுதலாகத் திரும்பி வரும். வாரக்கணக்கில் அதைத் தொடர்ந்து பார்த்தால், எந்தப் பகுதி மரங்கள் தாகத்தில் இருக்கின்றன என்று தெரியும். அங்கே கால்வாயை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தலாம். சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் 2008 முதல் ராஜா மூசாவில் கால்வாய்களை அடைத்து, தன்னார்வலர்களோடு மரங்களை நட்டு வருகின்றன. எந்தக் கால்வாயை அடைப்பது என்று முடிவெடுக்க, அந்த இடத்தில் குழாய் இறக்கி நீர்மட்டம் அளப்பவரும் வேண்டும்.

மேகமும் கட்டக் கணக்கும்

வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். முதல் வரம்பு மேகம். நம் நாட்டில் மேகமில்லாத படம் கிடைப்பதே அரிது. 5 நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வந்தாலும் பல தடவை வெண்பஞ்சைத்தான் படம்பிடித்துப் போகும். 2009இல் மலேசியா ஏவிய ரசாக்சாட் செயற்கைக்கோளை நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றவிட்டதற்கு இதுவே காரணம். அடிக்கடி வந்தால் மேகம் விலகிய வேளை ஒன்றாவது வாய்க்கும் அல்லவா? அது நீண்ட காலம் செயல்படவில்லை என்றாலும் யோசனை சரியானது. இப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவை நிறத்தைக் காணா. மரக்கூட்டத்தின் வடிவத்தையும் ஈரத்தையும் உணரும்.

இரண்டாவது வரம்பு, படத்தின் ஒரு கட்டத்தின் அளவு. செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் ஓர் எக்டரில் ஏறத்தாழ 143 மரங்கள். அதாவது மரத்துக்கு 70 சதுர மீட்டர். சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், 100 சதுர மீட்டர். அதில் ஒன்றரை மரம் அடங்கும். லேண்ட்சாட்டின் 30 மீட்டர்க் கட்டத்திலோ 13 மரங்கள். 13 மரங்களில் ஒன்றுக்கு நோய் என்றால், மற்ற பன்னிரண்டும் அதை மறைத்துவிடும். தனி மரத்தைப் பார்க்க டிரோன்தான் வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையும் இதற்கு நல்ல சான்று. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி ஒளிவிடும் பெரெம்பாங் மரங்கள் கரையோரமாக ஒடுங்கிய வரிசையில் நிற்கின்றன. 10 மீட்டர்க் கட்டத்தில் பாதி மரம், பாதி ஆற்று நீர். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் நலமான மரம்கூட நலிந்ததுபோல எண் காட்டும். கணினியில் மட்டும் பார்த்துவிட்டு, "பெரெம்பாங் அழிகிறது" என்று அறிக்கை எழுதினால் தவறாகிவிடும். மாலையில் படகு ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தத் தவறு நேராது.

இரண்டு மறுப்புகள்

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது எல்லாவற்றையும் கண்டுபிடிக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். கண்டுபிடிக்கும், யாராவது கற்றுக்கொடுத்தால். இது நோயுற்ற மரம், இது வறட்சியில் வாடிய மரம், இது உரம் போதாத மரம் என்று ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நேரில் போய்ப் பெயரிட்ட பிறகுதான் கணினி அவற்றைப் பிரித்தறியக் கற்கும். பெயரிட்டவர் தவறினால் கணினியும் அதே தவறைத்தான் செய்யும், அதுவும் மிக வேகமாக.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கசப்பானது. "நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து வெகுநாளாகிவிட்டது. லயங்கள் இல்லை, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இப்போது அங்கே வேலை செய்பவர்கள் வெளிநாட்டவர்கள். எங்களுக்கு எதற்கு இந்த மர விவகாரம்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் அந்த மரங்களுக்குக் கொடுத்ததற்கு ஈடாக எதுவும் திரும்பி வரவில்லை என்ற வலி பல குடும்பங்களில் உண்டு. பிள்ளை தோட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் பெற்றோர் படிக்க வைத்தார்கள்.

நான் உங்களைத் தோட்டத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அங்கே சேர்ந்த அறிவைக் கைவிடாதீர்கள் என்கிறேன். மரத்தைப் பார்த்தே அதன் நோயைச் சொன்னவர்களை நாம் கூலிகள் என்றோம். அவர்கள் செய்தது கள ஆய்வு என்பதை யாரும் சொல்லவில்லை. அவர்களில் பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்காவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் கேட்கவும் ஆள் இருக்காது. மேலும், தலைநகர் வட்டாரத்துக்கு வரும் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. மரங்களின் தாகம் தோட்டத்தோடு நிற்கும் செய்தி அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்ற இணையத்தளத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள். மேகம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுத்து என்.டி.வி.ஐ. படத்தைத் திறந்து பாருங்கள். அதே இடத்தை மழைக்காலத்திலும் வறட்சிக் காலத்திலும் ஒப்பிடுங்கள். லேண்ட்சாட் படக்களஞ்சியம் 2008 முதல் இலவசம்; உங்கள் தாத்தா வேலை செய்த தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடுகளுக்கும் மாறிய கதை அதில் இருக்கிறது.

எண் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த ஓர் இடத்தைக் கண்டால் உடனே முடிவுக்கு வராதீர்கள். பொதுச் சாலையோரமாகவோ பள்ளிக்கு அருகிலோ இருந்தால் ஆசிரியரோடு போய்ப் பாருங்கள். தோட்டத்துக்குள் என்றால் அனுமதி பெறுங்கள். நாள், இடம், மழை, மட்டையின் நிறம், குருத்தின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்: "தாத்தா, மட்டை இப்படி மஞ்சளானா என்ன அர்த்தம்?" அவர் சொல்வதையும் அதே நோட்டில், நாள் போட்டு எழுதுங்கள். பள்ளி அறிவியல் கழகம் ஓராண்டு இதைத் தொடர்ந்தால், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டு வாங்கும் பதிவாக அது மாறும்.

அறிவியல் கழகப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயல்திட்டம் என்றதும் மாதிரி எரிமலையும் எலுமிச்சை மின்கலமும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பள்ளி வேலிக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. அவற்றின் படங்கள் வாரந்தோறும் வந்து சேர்கின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் மாணவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர ஓர் ஆசிரியரும் ஒரு கணினியும் போதும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான். பச்சையாக இருக்கும் மரம் தாகத்தோடு இருக்கலாம், உள்ளே அழுகிக்கொண்டிருக்கலாம், இரண்டு ஆண்டுக்குப் பிறகு தர வேண்டிய குலையை இன்றே கைவிட்டிருக்கலாம். அதேபோல, இலையில்லாமல் நிற்கும் ரப்பர் முழு நலத்தோடு இருக்கலாம். இந்த வாரம் உங்கள் ஊர்ப் படத்தைத் திறந்து பாருங்கள். எண் குறைந்த ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே போய்ப் பார்த்து, கேட்டு, எழுதுங்கள்.